கிணற்றில் கை வைத்தது ஆர்?

அத்தியாயம் 9

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பரமலிங்கம் சாமியறைப் பக்கமே போகவில்லை. நேரே லப்ரொப்புக்கு முன்னால் போய்க் குந்திவிட்டார்.

"விளக்குக் கொளுத்தாமல் உதைக் கொளுத்திக்கொண்டு இருக்கிறியள்," என்று மனைவி பாலேஸ்வரி குசினி அடுப்படியில் இருந்தபடியே முணுமுணுத்தா.

அவருக்கு அது காதில் விழுந்தது. ஆனால் விழாத மாதிரியே இருந்தார். நாலு நாளாக அந்த மனுசனுக்கு நித்திரை இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, வீட்டில் ஒருத்தரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவும் இல்லை.

ஏனென்று இந்தக் கிழமைதான் கதைக்குள் வந்து சேர்ந்தவர்களுக்கும் ஒருக்காற் சொல்லிவிட வேணும்.

பரமலிங்கம் நில அளவைக் கந்தோரில் முப்பத்திரண்டு வருஷம் படம் கீறினவர். பென்சன் எடுத்த கையோடு ஒரு வெப்சைற் தொடங்கினார். பெயர் 'சண்டிலிப்பாய்க் கிணறு'. அதிலே சினிமா இல்லை, அரசியல் இல்லை, சமையற் குறிப்பும் இல்லை. தன் வீட்டு வளவுக் கிணற்றில் இன்றைக்குத் தண்ணி எத்தனை அடியில் நிற்கிறது, அதில் உப்பு எவ்வளவு என்று இரண்டே இரண்டு இலக்கம். பேனை மாதிரி ஒரு மீற்றர் வைத்திருக்கிறார். அதைத் தண்ணிக்குள் விட்டால் இலக்கம் காட்டும். ஆயிரத்துக்குக் கீழே என்றால் நல்ல தண்ணி. ஆயிரத்தைந்நூறைத் தாண்டினால் மிளகாய்க்கன்று சுணங்கும், தேத்தண்ணி வாயில் வைக்க ஏலாது.

பன்னிரண்டு வருஷம், ஒரு நாள் தவறவில்லை. யாழ்ப்பாணம் திருநெல்வேலிக் கம்பசில் படிக்கிற பிள்ளைகள் அதைப் பார்த்துக் கட்டுரை எழுதியிருக்கினம். கனடாவில் இருக்கிற ஊர்ச்சனம் காலமை கோப்பியோடு அதைத்தான் பார்க்கும். பாலேஸ்வரிக்கு மட்டும் அது விசர் வேலை.

மாசி மாதம் அவருக்குக் கண்ணில் ஒப்பரேசன். கிணற்றடியில் குனியக் கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வாளி விட்டு அள்ளி, மீற்றரைப் பார்த்து இலக்கத்தைச் சொல்லுகிறது பாலேஸ்வரி. இவர் இருந்த இடத்திலிருந்து ரைப் பண்ணுவார். இந்த வருஷம் உப்பு தொளாயிரத்துச் சொச்சத்தைத் தாண்டவில்லை. 'எங்கள் கிணறு இம்முறை எம்மைக் காப்பாற்றிவிட்டது' என்று ஆனி மாதம் பெருமையாக எழுதியும் வைத்தார்.

போன திங்கட்கிழமை அந்தப் பக்கத்தைத் திறந்தால், சித்திரையிலிருந்து ஆவணி மட்டும் எல்லா இலக்கமும் மாறிக் கிடந்தன. தொளாயிரத்து முப்பது இருந்த இடத்தில் ஆயிரத்து அறுநூற்று நாற்பது. தொளாயிரத்து நாற்பது இருந்த இடத்தில் ஆயிரத்துத் தொளாயிரம்.

அவர் பாஸ்வேட்டை மாற்றிவிட்டுத் திருத்தினார். செவ்வாய் பின்னேரம் திரும்பவும் மாறிவிட்டது. இன்னொருக்கால் பாஸ்வேட்டை மாற்றித் திருத்தினார். வியாழன் பின்னேரம் திரும்பவும் மாறிவிட்டது.

இது நடக்கிற கிழமையைப் பாருங்கள். மகள் ஆரணிக்கு இருபத்தொன்பது வயது, நூலகத்தில் வேலை. இதுவரை இரண்டு கலியாணப் பேச்சுக்கால் முறிந்துவிட்டது. மூன்றாவதாக அச்சுவேலியில் இருந்து லக்சன். விவசாயப் போதனாசிரியர். சாதகக் குறிப்புப் பொருந்திவிட்டது, படமும் பிடித்துவிட்டது, இரண்டு பேரும் ஒரு மாதமாகப் போனில் கதைக்கினம். இனி மிச்சம் வளவு பார்க்கிறதுதான். ஆரணிக்குச் சீதனமாக எழுதப் போகிறது இந்த வளவையும் கிணற்றில் அரைப்பங்கையும். மற்ற அரைப்பங்கு வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தம்பி கேதீஸ்வரனுடையது.

எங்கடை பகுதியில் வளவு பார்க்க வருகிற ஆள் வீட்டைப் பிறகுதான் பார்ப்பான். முதல் கிணற்றை எட்டிப் பார்ப்பான். அச்சுவேலிக்காரர் வருகிறது இன்றைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு.

"எவனோ ஒருத்தன் பிள்ளையின்ரை கலியாணத்தைக் குழப்பிறதுக்கெண்டு நிக்கிறான்," என்றார் பரமலிங்கம்.

"அதுதான் சொல்லுறன், அந்தப் பக்கத்தை முழுக்க அழியுங்கோ," என்றா பாலேஸ்வரி. "சனியன் துலைஞ்சுதெண்டு இருக்கலாம்."

"பன்னிரண்டு வருசத்தை அழிக்கிறதோ? விசரே உனக்கு?"

அவ உழுந்து அரைக்கப் போய்விட்டா. பின்னேரத்துக்கு வடை.

பரமலிங்கம் உள்ளே போகப் பார்த்தார். பாஸ்வேட் போட்டார். நீர் மனிதன் தானா என்று கேட்டது. மோட்டச்சைக்கிள் உள்ள படங்களை எல்லாம் தொடச் சொன்னது. வெட்டின கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டார். பிழை என்றது. வேறு ஒன்பது படம் வந்தது.

"இஞ்சருமப்பா, ஸ்கூட்டியும் மோட்டச்சைக்கிளிலை சேருமோ?"

"உதைக் கேக்கிற நேரமே இது?"

ஸ்கூட்டியையும் சேர்த்தார். மனிதன்தான் என்று ஒத்துக்கொண்டது. ஆனால் உள்ளே விடவில்லை. போனுக்கு ஆறு இலக்கம் அனுப்பியிருக்கிறதாம், அதைப் போடட்டாம். வீட்டுக்குள்ளே போனுக்குச் சிக்னல் கிடையாது. மாமரத்தடிக்கு ஓடினார். இலக்கம் வந்தது. வாய்க்குள் சொல்லிக்கொண்டே திரும்பி ஓடி வந்து அமத்தினால், நேரம் கடந்துவிட்டது, திரும்பக் கேள் என்றது. இப்படி மூன்று தரம். மூன்றாந் தரம் ஒரு செருப்பு மாமரத்தடியிலேயே நின்றுவிட்டது.

ஒருமாதிரி உள்ளே போனார். முதல் வேலையாக எல்லா இலக்கத்தையும் பழையபடி மாற்றினார். நாலைந்து மாத இலக்கம், ஒவ்வொன்றாக. நடுவில் இரண்டு தரம் லைன் அறுந்தது. தலைமயிர் எண்ணெய் விற்கிறவன் ஒருத்தன் பதினேழு கருத்துப் போட்டிருந்தான், அதுகளையும் அழித்தார். முடிய ஒன்பது மணி.

அதற்குப் பிறகுதான் மூலையில் சின்ன எழுத்தில் ஒரு வரியைக் கண்டார். இதற்கு முன்னம் பக்கத்தைத் திறந்த நேரம்: வியாழன், பின்னேரம் 6.12. இடம்: கொழும்பு.

திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய் இன்னொருக்கால் வாசித்தார்.

மாமரத்தடிக்குப் போய், வெப்சைற்றுக்கு இடம் தருகிற கொம்பனிக்குப் போன் எடுத்தார். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று சொல்லி இருபத்திரண்டு நிமிசம் பாட்டுப் போட்டார்கள். கடைசியில் ஒரு பிள்ளை வந்து, எல்லாம் பார்த்துவிட்டு, தன்மையாகச் சொன்னது.

"ஐயா, ஒருத்தரும் உடைச்சு வரேல்லை. சரியான பாஸ்வேட்டைப் போட்டுத்தான் வந்திருக்கினம். உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்களாத்தான் இருக்கும்."

தெரிந்த ஆள். கொழும்பு.

செவ்வாய்க்கிழமை கொழும்புக்குப் போனவன் கேதீஸ்வரன். இன்றைக்கு விடியத்தான் பஸ்ஸால் வந்து இறங்கினவன். இந்த வெப்சைற்றைப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னம் கட்டித் தந்தவனும் அவன்தான்.

பரமலிங்கம் போனை வைத்துவிட்டு ஒரு மிடறு தண்ணி குடித்தார். சொந்தத் தம்பி. ஒரு கோப்பையில் சாப்பிட்டு வளர்ந்த தம்பி. இருக்காது என்று ஒரு மனம் சொன்னது. அவனைத் தவிர ஆர் என்று மற்ற மனம் கேட்டது. மற்ற மனம்தான் வென்றது.

வேலிக்கு அந்தப் பக்கம் கேதீஸ்வரன் பைப்படியில் முகம் கழுவிக்கொண்டு நின்றான்.

"கேதீஸ், ஒருக்கால் இஞ்சாலை வா."

"என்ன அண்ணை, மாப்பிள்ளை வீட்டுக்குக் கதிரை காணாதோ? நான் எட்டுக் கதிரை எடுத்து வைச்சிருக்கிறன்."

"கதிரை கிடக்கட்டும். கொழும்பிலை என்ன செய்தனி?"

"மகன் தனுஷான்ரை பாஸ்போட் அலுவல். உங்களுக்குச் சொல்லிப்போட்டுத்தானே போனனான்."

"பாஸ்போட் மட்டும்தானோ?"

கேதீஸ்வரன் துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தான். அண்ணன்காரன் இந்தத் தொனியில் கதைத்து அவன் கேட்டு எத்தனையோ வருஷம்.

"என்ன அண்ணை, நேரை கேளுங்கோ."

"என்ரை பக்கத்துக்குள்ளை பூந்து உப்பைக் கூட்டி எழுதினது நீதானே? நேற்றுப் பின்னேரம் ஆறு பன்னிரண்டுக்குக் கொழும்பிலை இருந்து திறந்திருக்கிறாய். மிசின் பொய் சொல்லாது."

"எனக்கு உங்கடை பாஸ்வேட்டே தெரியாதே. நீங்கள் மாத்தினதெண்டு நீங்கள்தான் சொன்னனியள்."

"கட்டினவனுக்குப் பின்கதவு தெரியாதே!" பரமலிங்கத்துக்குக் குரல் ஏறிவிட்டது. "பிள்ளைக்கு எழுதிற அரைப்பங்கு உனக்குக் கண்ணுக்கை குத்துது. கலியாணம் குழம்பினால் முழுக் கிணறும் உன்ரை கைக்குள்ளை. அதுதானே கணக்கு?"

ஒழுங்கையால் போன ஒரு சைக்கிள் மெதுவாக நின்று, பிறகு போனது. அரை மணித்தியாலத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

கேதீஸ்வரன் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரமலிங்கத்துக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"நான் இந்தமுறை ஏன் வெங்காயம் வைக்கேல்லை எண்டு ஒருநாள் கேட்டனியளே அண்ணை?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"ஒண்டுமில்லை. நீங்கள் இன்ரநெற்றிலை வடிவா எழுதிறியள். கிணத்தடிக்கு வந்து எத்தினை மாசம்?" துவாயை உதறித் தோளில் போட்டான். "கதிரையை ஆரையாவது விட்டு எடுப்பியுங்கோ. நாலு மணிக்கு என்னைப் பாக்காதேங்கோ. கிணத்துக் கள்ளன் சபையிலை இருக்கிறது சரியில்லை."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

பரமலிங்கம் திரும்பினால் ஆரணி பின்னால் நின்றாள். தலை முழுகின ஈரம் காயவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"சித்தப்பாவை ஏனப்பா உப்பிடிக் கேட்டனீங்கள்?"

"உனக்குத் தெரியாது பிள்ளை, நீ உள்ளை போ. கொழும்பிலை இருந்து திறந்தவன்."

"கொழும்பெண்டு கிடந்தால் கொழும்பே?"

அவள் அவருடைய கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்து லப்ரொப்புக்கு முன்னால் இருத்தினாள். திரையில் ஓரிடத்தை அமத்தினாள். முதல் வந்து போன தடங்கள் எல்லாம் வரிசையாக வந்தன.

"இது இண்டைக்குக் காலமை நீங்கள் திறந்தது. இடத்தை வாசியுங்கோ."

கொழும்பு.

"இது புதன்கிழமை நீங்கள் திறந்தது."

கொழும்பு.

"இது போன மாசம்."

கொழும்பு. எல்லாம் கொழும்பு. பரமலிங்கம் சாறத்தோடு இந்தக் கதிரையில் குந்தியிருந்து செய்த வேலை எல்லாம் கொழும்பில் நடந்ததாகக் கிடந்தது.

"இஞ்சையிருந்து போற லைன் எல்லாம் அங்கைதான் போய்ச் சேருது. யாழ்ப்பாணத்திலை ஆர் திறந்தாலும் அது கொழும்பெண்டுதான் காட்டும் அப்பா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். திரும்பப் போட்டார். தம்பி துவாயை உதறின விதம்தான் கண்ணுக்குள்ளே நின்றது. என்ன வேலை செய்துபோட்டன் என்று தன்னையே நொந்துகொண்டார். அதோடு அவன் கேட்ட கேள்வியும் சேர்ந்து நெருடியது. வெங்காயம் ஏன் வைக்கவில்லை?

எழும்பினார். மேசை லாச்சிக்குள் இருந்த மீற்றரை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

"அப்பா, குனியாதேங்கோ!"

அவர் கேட்கவில்லை. வாளியை விட்டார், அள்ளினார், மீற்றரைத் தண்ணிக்குள் பிடித்தார்.

1910.

மீற்றர் பழுதென்றுதான் முதல் நினைத்தார். குசினிக்கு வெளியே வைத்திருந்த கான் தண்ணியில் கொஞ்சம் எடுத்து அதற்குள் பிடித்தார். கடையில் வாங்குகிற பில்ரர் தண்ணி அது. அறுபது காட்டியது. மீற்றரில் ஒரு பிழையும் இல்லை. திரும்பக் கிணற்றடிக்குப் போய் இன்னொரு வாளி அள்ளினார். 1910.

ஒரு கை அள்ளி வாயில் வைத்தார். உப்பு.

இரண்டு மாதமாகக் குளிக்கும்போது சவர்க்காரம் நுரைக்கவில்லை. அவர் சவர்க்காரத்தை மாற்றினார். மூன்று வகை மாற்றினார். கடைக்காரன் போலிச் சாமான் விற்கிறான் என்று சண்டைக்கும் போனார். ஊரிலே எல்லாரையும் சந்தேகப்பட்ட மனுசன் கிணற்றைச் சந்தேகப்படவில்லை.

குசினிக்குள்ளே பாலேஸ்வரி வடைக்கு மா பிசைந்துகொண்டிருந்தா. மீற்றரோடு அவர் வாசலில் வந்து நின்றதைக் கண்டதும் அவவின் கை நின்றுவிட்டது.

"இண்டைக்கு எத்தினை காட்டினது?" என்று கேட்டார்.

"தொளாயிரத்து..." என்று தொடங்கினா. முடிக்கவில்லை.

"பாலேஸ், என்னைப் பார்."

அவ பார்க்கவில்லை. மாப்பிடித்த கையோடு அப்படியே பலகையில் இருந்துவிட்டா.

"சித்திரையிலை ஏறத் தொடங்கினது," என்றா. "முதல் நாள் ஆயிரத்து இருநூறு காட்டினது. உங்களுக்குச் சொன்னால் அண்டைக்கே உலகம் முழுக்கப் போட்டுவிடுவியள். இந்தப் பேச்சுக்கால் அப்பதான் தொடங்கின நேரம். ரெண்டு இடம் வந்து முறிஞ்சு போனதை மறந்துபோட்டியளே? பிள்ளை ஒரு மாசம் சிரிக்காமல் இருந்தவள். உப்புக் கிணறெண்டு தெரிஞ்சால் ஆர் வருவான்?"

"எனக்குச் சிறுநீரகத்திலை கல்லுக் குணம், கான் தண்ணிதான் குடிக்கவேணும் எண்டு டொக்டர் சொன்னவரெண்டாய்?"

"ஒரு டொக்டரும் சொல்லேல்லை." இப்போது அழத் தொடங்கிவிட்டா. "தாலி ஏறினாப் பிறகு சொல்லுவம் எண்டு நினைச்சன். மாரிக்கு மழை பெய்ய உப்பு இறங்கிவிடும், ஒருத்தருக்கும் தெரியாமலே போய்விடும் எண்டும் நினைச்சன்."

"மாப்பிள்ளை விவசாயப் போதனாசிரியர். ஊர் ஊராய்க் கிணறு அளந்து திரியிற ஆள். அவர் கண்டுபிடிக்கமாட்டாரே?"

"பொம்பிளை வீட்டுக்கு வந்த இடத்திலை மீற்றரைத் தூக்கிக்கொண்டு கிணத்தடிக்குப் போவரே? உங்கடை பக்கத்தைப் பாத்தால் காணுமெண்டு விட்டுவிடுவர் எண்டு நினைச்சன்."

பரமலிங்கத்துக்குக் கோபம் வந்தது. அதோடு இரக்கமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் மனுசன் என்ன செய்வான்? வாசற்படியில் குந்தினார்.

"அப்ப பக்கத்தை மாத்தினது ஆர்? நீயே மறைச்சாய். நீயே ஏன் எழுதுவாய்?"

"நான் இல்லை. எனக்கு உதைத் திறக்கவே தெரியாது. நீங்கள்தான் எல்லாம் தெரிஞ்சு நாடகம் ஆடுறியளோ எண்டு நான் நாலு நாளாப் பயந்து செத்துக்கொண்டிருக்கிறன்."

"நான்தான்," என்றாள் ஆரணி.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"சித்திரை வருசத்துக்கு அடுத்த நாள் அம்மா மீற்றரைப் பாத்தவ, பாத்துப்போட்டு உங்களுக்கு வேறை இலக்கம் சொன்னவ. நான் பக்கத்திலை நிண்டனான். அண்டையிலை இருந்து வேலைக்குப் போக முன்னம் நானே அளந்து போனிலை எழுதி வைச்சன். நீங்கள் பின்னேரம் கோயிலுக்குப் போற நேரம் பாத்துப் போட்டன்."

"பாஸ்வேட் ரெண்டு தரம் மாத்தினனானே!"

"நீங்கள் புதுசு போட்ட உடனை, இதை நினைவிலை வைக்கட்டோ எண்டு லப்ரொப் கேக்கும். நீங்கள் வாசிக்காமல் ஓம் எண்டு அமத்துவியள். பிறகு ஆர் திறந்தாலும் அது தானாப் போட்டுத் தரும். ஆறு இலக்கம் வாற உங்கடை போனையும் நீங்கள் கோயிலுக்குக் கொண்டுபோறேல்லை."

வேறொரு நாள் என்றால் சிரித்திருப்பார்.

"உன்ரை கலியாணத்தை நீயே குழப்பப் பாத்தனியோடி!" என்று பாலேஸ்வரி குழறினா. "இந்த ஆள் பிடிக்கேல்லையெண்டால் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே!"

"பிடிச்சிருக்கம்மா. அதுதான் பிரச்சினை." ஆரணிக்குக் குரல் உடைந்தது. "நாளைக்கு அவர் இந்த வீட்டிலை வந்து இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கேக்கை உங்களைப் பாக்கமாட்டார், அப்பாவைப் பாக்கமாட்டார். என்னைத்தான் பாப்பார். உனக்கும் தெரியுமோ எண்டு கேட்டால் நான் என்ன சொல்லிறது? முதல் நாளே பொய்யோடை என்னாலை ஏலாது."

"அதுக்கு எங்களிட்டைச் சொல்லியிருக்கலாம்," என்றார் பரமலிங்கம்.

"அம்மாவைக் காட்டிக் குடுக்க மனம் வரேல்லை. இலக்கத்தைக் கண்டு நீங்களே போய் அளப்பியள் எண்டு பாத்தன். நீங்கள் அளக்கேல்லை. ஆள் பிடிக்கப் போனியள்."

அது சரியான அடி. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னொண்டும் சொல்லவேணும்," என்றாள். "திங்கட்கிழமை அந்தப் பக்கத்தை லக்சனுக்கு அனுப்பினனான். முதல் கிடந்த இலக்கம் பிழை, இதுதான் சரி, உப்பு ஏறியிருக்கு எண்டு எழுதினனான். ரெண்டு நீலக் கோடும் விழுந்தது. வாசிச்சவர்."

"வாசிச்சு?"

"ஒண்டுமில்லை. பிறகு மண்டபத்தைப் பற்றிக் கதைக்கிறார், கூறைச் சேலை நிறத்தைப் பற்றிக் கதைக்கிறார். இதைப் பற்றி மட்டும் ஒரு சொல்லில்லை. நானும் கேக்கேல்லை. பயமாக் கிடந்தது."

பரமலிங்கம் பாலேஸ்வரியைப் பார்த்தார். பாலேஸ்வரி அவரைப் பார்த்தா. தெரிந்துகொண்டும் வருகினமென்றால் என்ன எண்ணத்தோடு வருகினம்?

மூன்றரை மணிக்கு அவர் திரும்ப லப்ரொப்புக்கு முன்னால் இருந்தார். காலமை தானே பாடுபட்டு ஏற்றின பொய் முழுக்க அங்கே கிடந்தது. இறக்க வேணும். ஆரணி போனைப் பார்த்து வாசிக்க வாசிக்க இவர் ரைப் பண்ணினார். கடைசியில் ஒரு வரி எழுதினார்: 'சித்திரை முதல் இங்கே இருந்த உப்பு அளவுகள் பிழை. பொறுப்பு என்னுடையது.'

"அதை அமத்தாதேங்கோ," என்று பாலேஸ்வரி பின்னால் நின்று கெஞ்சினா. "நாலு மணித்தியாலம் பொறுங்கோ. அவை வந்திட்டுப் போகட்டும்."

அவர் அமத்தினார்.

திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. றவுட்டரில் பச்சை வெளிச்சம் செத்துச் சிவப்பு எரிந்தது. கழற்றிப் பூட்டினார். சிவப்பு. தட்டினார். சிவப்பு. "கோதாரியிலை போவான்!" என்று கத்தினார். ஆரைத் திட்டினாரென்று அவருக்கே தெரியாது.

படலையடியில் வான் வந்து நின்ற சத்தம் கேட்டது.

லக்சனின் தகப்பன் சிவக்கொழுந்தர் நெட்டையான மனுசன். தோட்டம் செய்து காய்த்துப்போன கை. வந்த உடனே கதிரையில் இருக்கவில்லை. வளவைச் சுற்றி ஒரு நடை நடந்தார், மாமரத்தைத் தட்டிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகுதான் விறாந்தையில் வந்து இருந்தார். லக்சன் பக்கத்தில் இருந்தான். தாய்க்காரி பாலேஸ்வரியோடு ஊர்க் கதை கதைத்தா. பெண்ணின் சித்தப்பாவுக்கென்று போட்ட கதிரை வெறுமனே கிடந்தது. ஒருத்தரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஆரணி தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தாள். கான் தண்ணியில் போட்ட தேத்தண்ணி. சிவக்கொழுந்தர் ஒரு மிடறு குடித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நல்ல தேத்தண்ணி. நல்ல தண்ணியிலைதான் இந்த ருசி வரும்." கோப்பையை மடியில் வைத்துக்கொண்டார். "உங்கடை வெப்சைற்றை வரேக்கை வானுக்குள்ளை பாத்தனான். இந்த வெயிற் காய்ச்சலுக்கையும் தொளாயிரத்து நாப்பதெண்டு கிடக்கு. எங்கடை பக்கம் எல்லாக் கிணறும் ஏறிப்போச்சு. உங்கடை பிள்ளை குடுத்து வைச்சவள்."

பாலேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டா. தலையை மட்டும் ஆட்டினால் போதும். ஓம் என்ற ஒரு சொல்லும் வேண்டாம், ஒரு சிரிப்புக் காணும். அவ்வளவோடு கலியாணம் நிச்சயம்.

பரமலிங்கம் கதவடியில் நின்ற மகளை ஒருக்காற் பார்த்தார்.

"அது பொய்," என்றார்.

"என்ன?"

"நீங்கள் பாத்த இலக்கம் பொய். இண்டைக்கு என்ரை கையாலை அளந்தனான். ஆயிரத்துத் தொளாயிரத்துப் பத்து. இந்தத் தேத்தண்ணி கடையிலை வாங்கின தண்ணியிலை போட்டது. பக்கத்தைத் திருத்த வெளிக்கிட்டன், லைன் அறுந்துபோச்சு. அதாலை வாயாலை சொல்லுறன்."

லக்சனின் தாய் கடித்த வடையை அப்படியே வைத்திருந்தா. சிவக்கொழுந்தர் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு மகன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ கிணறு அளக்கிற ஆள். உனக்கு இது தெரியுமோ?"

லக்சன் ஒரு நொடி ஆரணியைப் பார்த்தான். பிறகு தகப்பனைப் பார்த்தான்.

"இல்லையப்பா. இப்பதான் கேள்விப்படுறன்."

சிவக்கொழுந்தர் பெருமூச்சு விட்டார். எழும்பி வந்து பரமலிங்கத்தின் கையைப் பிடித்தார்.

"பாத்தியளே, எங்கடை பிள்ளைக்கே தெரியாது. நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் எங்களுக்கு ஆர் சொல்லியிருப்பினம்? மாரிக்கு மழை பெய்தால் உப்புக் கொஞ்சம் இறங்கும், இறங்காட்டில் வேறை வழி பாப்பம். கிணறு எங்கடை பக்கமும் உப்புத்தான். ஆனால் பிள்ளையின்ரை கலியாணம் குழம்பினாலும் பரவாயில்லையெண்டு உண்மை சொல்லிற ஆக்களை நான் காணேல்லை. எங்களுக்குச் சம்மதம். நாளைப் பாருங்கோ."

பாலேஸ்வரி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு வாய்விட்டே அழுதுவிட்டா. லக்சனின் தாய் எழும்பி அவவைக் கட்டிப் பிடித்தா. விறாந்தை முழுக்கச் சிரிப்பும் கதையுமாகப் போனது.

பரமலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. பிடித்த கையை விடுவிக்கவும் தெரியாமல் நின்றார். அவர் பார்த்தது லக்சனை. பெடியன் குனிந்து சப்பாத்து நூலை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அது அவிழ்ந்திருக்கவில்லை.

ஆரணி தட்டத்தை மேசையில் வைத்தாள். கையில் போன் இருந்தது, அதில் திங்கட்கிழமை அனுப்பின செய்தி இரண்டு நீலக் கோட்டோடு.

"மாமா," என்றாள் சிவக்கொழுந்தரைப் பார்த்து. "நாள் பாக்க முன்னம் எனக்கு உங்கடை மகனிட்டை ஒண்டு கேக்கவேணும். இஞ்சை, எல்லாருக்கும் முன்னாலை."